கடைசி ஆள்

ஏழாம் நாள்.
நீர்கொழும்பிலிருந்து விடிய ஐந்துக்குப் புறப்பட்டோம்,
ஒன்பது சைக்கிள்.
கடைசியில் நான். அதுதான் எனக்குத் தந்த வேலை:
எனக்குப் பின்னால் எங்கள் ஆள் ஒருவரும்
இருக்கக் கூடாது.

பம்ப் என்னிடம். ஒட்டுத் துண்டுகள், சொலூஷன்,
இரண்டு ரியூப், பிளாஸ்டர், ஜீவனி பக்கட்.
பருத்தித்துறையிலிருந்து நான் பார்த்து வந்ததெல்லாம்
எட்டு முதுகுகள்.
றிஸ்மினா ஏற்றம் வருமுன்னே தோளை உயர்த்துவாள்.
அசங்கவுக்கு ஏதும் பாட்டு நினைவு வந்தால்
இடுப்பு ஆடும்.
அமலதாஸ் யாரோடும் கொளுவிய நாட்களில்
பிடரி சிவந்திருக்கும்.
புஷ்பராஜா, வங்கிக் கூண்டுக்குள்
முப்பத்தொரு வருடம் காசெண்ணிய முதுகு.
மத்தியானமானால் அவர் சட்டையில்
வேர்வை உப்பு படம் கீறும்,
நாளுக்கொரு தீவு.

வத்தளையில் பாணும் பருப்பும்.
எங்கேயிருந்து என்று சிங்களத்தில் கேட்டார் கடைக்காரர்.
சொன்னோம்.
சைக்கிள்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
பிளேன்ரீக்குக் காசு வாங்கவில்லை.
பருப்புக்கு வாங்கினார்.

பேலியகொடையில் லொறிகள் எங்களை
வீதியின் ஓரத்துக்கும் ஓரத்துக்குத் தள்ளின.
பழைய பாலத்தின் நடுவில்
புஷ்பராஜா இறங்கி நின்றார்.
"செயின் கழண்டிட்டுது, தங்கச்சி."

குனிந்தேன்.
செயின் பல்லை இறுகக் கவ்வியபடி இருந்தது.
அவர் அதைப் பார்க்கவில்லை.
கீழே களனி, மழைத்தண்ணீரோடு, தேத்தண்ணி நிறத்தில்.
"இன்னும் எவ்வளவு?"
"ஆறு."
தண்ணீரைத்தான் சொல்கிறேன் என்று நினைத்தாரோ,
தலையாட்டினார்.
பிறகு,
"ஆறே ஆறு கிலோமீற்றரா?"

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினேன்.
செயினை நானே கழற்றினேன்.
நானே மாட்டினேன்.
அவசரப்படவில்லை.
பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தீர்த்தன.
சில்லை ஒருமுறை சுழற்றிக் காட்டினேன்.
"இப்ப சரி."
"சரியா?" என்றார்.
என் கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுப்பு.

ஆமர் வீதிச் சந்தியில் சிவப்பு விழுந்தது.
வவுனியாக் காட்டில் யானைக்குக் கலையாத கூட்டம்,
புத்தளத்து எதிர்க்காற்றுக்குக் கலையாத கூட்டம்,
ஒரு விளக்குக்கு
அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் நாலு.

வலப்பக்கம் கொட்டாஞ்சேனை.
என் ஒழுங்கை தாண்டிப் போனது.
மாடிக் கம்பியில் என் நீலப் பெட்சீட்
ஏழு நாளாக, நனைந்தும் காய்ந்தும்,
எடுக்க ஆளில்லாமல்.
திரும்பவில்லை. முன்னால் முதுகுகள் இருந்தன.

புறக்கோட்டையில் மூட்டை வண்டியை
நெஞ்சால் தள்ளிவந்த நாட்டாமி கேட்டான்:
"பாரமே இல்லாம எதுக்கு மிதிக்கிறீங்க?"
ஒன்பது பேரில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

காலிமுகத்திடல்.
புல்லில் சைக்கிள்களைச் சாய்த்தோம்.
இஸ்ஸோ வடை, மிளகாய்த்தூளில் வெந்த நாக்கு,
யாரோ அழுதார்கள், அமலதாஸ் அல்ல என்று அமலதாஸ் சொன்னார்.
படமெடுக்க என்னிடம் போனைத் தந்தார்கள்.
எட்டுப் பேரும் திரும்பினார்கள்.
இன்னார் யாரென்று எனக்குச் சட்டென்று
பிடிபடவில்லை.

புஷ்பராஜாவுக்கு மகன் கார் கொண்டு வந்திருந்தான்.
"நீ போ. நான் தெஹிவளைக்கு மிதிச்சே வாறன்."
கொள்ளுப்பிட்டிப் பக்கம் அந்த உப்புத் தீவு
பஸ்களுக்கிடையில் கொஞ்சத் தூரம் தெரிந்தது.
மகன் காரை மெதுவாகப் பின்னால் விட்டான்.

நான் மறுபக்கம்.
முன்னால் ஒரு முதுகும் இல்லை.
எந்த வேகத்தில் போவதென்று தெரியாமல்
கோட்டை வரை தடுமாறினேன்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப்
பெட்சீட்டை இழுத்தேன்.
செயின் கறுப்பு, பத்து விரலும் அப்படியே.
இனித் திரும்பவும் தோய்க்க வேணும்.