ஒற்றை விசில்

தூ-ஆஷூ சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும்
காதடைப்பு நீங்கி முதலில் கேட்டது விசில்.
ஒரே ஒரு விசில்.
யோசிக்கும் முன்னே கால் பிரேக்கை மிதித்துவிட்டது.
ஒன்று அடித்தால் நிற்கணும்.
கண்டக்டர் மகளுக்கு இதை
கிர்கீஸ் மொழியில் யாரும் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானில் ஓடித் தேய்ந்து
பிஷ்கெக் சந்தையில் எனக்கு வாய்த்த கார்.
ஸ்டியரிங் நம்மூர் மாதிரி வலப்பக்கம்.
வந்தவன் சின்னப் பையன். இடப்பக்க ஜன்னலில் குனிந்து
பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த தர்பூசணிக்கு
விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான்.
பிறகு சுற்றி வந்தான்,
முகத்தைச் சரிசெய்துகொண்டு.

'டாகுமென்ட்டி.'
பாஸ்போர்ட். பன்னாட்டு லைசென்ஸ்.
நான் எலும்புகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவள் என்று
மருத்துவக் கல்லூரி முத்திரை குத்திய தாள்.
ஒரு கைக்கு இருபத்தேழு எலும்பு.
அத்தனையும் தனித்தனியாக நடுங்கும் என்பது
பாடப் புத்தகத்தில் இல்லை.

அறுபதில் எண்பத்து நான்கு. மெஷினைக் காட்டினான்.
'மா-சி-லா-மா-னி!'

அப்பா பெயர்.
கடைசிப் பெயர் என்று கேட்கிற கட்டத்தில்
வேறு எதை எழுதுவது?
விமான நிலையம், வங்கி, கரண்ட் பில்,
எங்கும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள்,
செத்து ஆறு வருஷமான ஆளை.
இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் நின்றே போனவர்,
ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை.
இப்போது ஓவர் ஸ்பீடு.
மாசில்லை என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்த மனிதர்.

அது நான் இல்லை, என் அப்பா என்றேன்,
கைவசம் இருந்த பத்து ரஷ்ய வார்த்தையில்.
அவன் தன் நெஞ்சுப் பட்டையில் விரல் வைத்தான்:
தொக்தோசுன் ஊலு அஸாமத்.
தொக்தோசுன் அவன் அப்பா. ஊலு என்றால் மகன்.
விரல் என் பக்கம் திரும்பியது.
'மாசிலாமணி கிஸி.'
மகள்.
ணகரம்கூட ஏறக்குறைய வந்துவிட்டது.
மூன்று வருஷத்தில் இந்த நாட்டில்
என்னைச் சரியாகக் கூப்பிட்ட முதல் ஆள்.

அதற்காக விட்டுவிடவில்லை.
ரசீதோடு என்றால் மூவாயிரம் சோம்,
பிஷ்கெக் திரும்பிப் போய் பேங்க்கில் வரிசை.
ரசீது இல்லாமல் எழுநூறு.
நான் நீட்டியது ஆயிரம்.

சட்டைப் பை, பேன்ட் பை, தொப்பிக்குள், ஜீப்பின் டேஷ்போர்டு,
எங்கும் இல்லை முந்நூறு.
சில்லறை இல்லை என்பதற்கு
எல்லா ஊரிலும் ஒரே முகம்தான்.
'டிக்கெட் பின்னால எழுதிக் குடுப்பா,
இறங்கறப்ப வாங்கிக்கறேன்'
என்று தமிழில் முணுமுணுத்தேன்.
டிக்கெட் ஏது?

சாலையோரக் கூடாரத்தில் குதிரைப்பால் விற்கிற
அம்மாளிடம் ஓடினான். அவளிடமும் இல்லை.
ஏதோ திட்டினாள். நன்றாகவே திட்டினாள்.
துப்பாக்கி இடுப்பில் தொங்க, தலைகுனிந்து கேட்டுக்கொண்டான்.
கடைசியில் முந்நூறுக்கு ஈடாக
மூன்று பை குருத் கொண்டுவந்தான்.
உருட்டிக் காயவைத்த தயிர்.
கூழாங்கல் மாதிரி, அத்தனை உப்பு.
மளிகைக் கடையில் மிச்சத்துக்கு மிட்டாய் தள்ளிவிடுவார்களே,
அந்தக் கணக்கு.

ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டேன். கரையவில்லை.
காசு கொடுத்துவிட்டு டிக்கெட் கேட்காதவன் பாதித் திருடன்,
மீதிப் பாதி அதைப் பையில் போட்டுக்கொண்ட கண்டக்டர் என்று
டிப்போவில் சண்டை போட்டவரின் பெயர்
இன்னும் அந்தப் பையன் கையில் இருந்தது.
என் போட்டோவுக்குப் பக்கத்தில்.
திருப்பித் தந்தான், இரண்டு கையாலும்.

இன்ஜினைக் கிளப்பிவிட்டு அப்படியே இருந்தேன்.
கோடு போட்ட கோலை ஆட்டினான், போ, போ.
போகலாம்தான்.
எனக்கு இரண்டு விசில் வேண்டியிருந்தது.
அவனுக்கு அது எப்படித் தெரியும்?

நானே 'ரைட்' சொல்லிக்கொண்டு நகர்ந்தேன்.
பின்னால் சுரங்கத்திலிருந்து ஒரு லாரி இறங்கியது.
ஊதினான். ஒற்றை விசில், அந்த லாரிக்கு.

என் கால் மறுபடியும் பிரேக்கை மிதித்தது.