டி'குரூஸ் முதல் டி'லீமா வரை

ஒரே ஒரு குறுஞ்செய்தி போகவில்லை என்றது திரை.
பெறுநர் பெயர் தெரியாதாம்.
பெயரைப் பார்த்தேன்.
மேரி ஆன் டி'குரூஸில் தொடங்கி
தேவரஞ்சினி, தர்மபாலன், திலக்சிகா என்று
வரிவரியாய் இறங்கி
ஜெசிந்தா டி'லீமாவில் முடிகிறது.
முப்பத்தொன்பது குடும்பம். ஒரு பெயர்.

மழைக்கு அது ஆறாம் நாள்.
கோப்புகளை அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டு
கணுக்காலளவு தண்ணீரில் கதிரை போட்டிருந்தேன்.
நிவாரணப் பொதி எங்கே, எத்தனை மணிக்கு
என்று ஊருக்குச் சொல்ல வேண்டிய பட்டியல்.

குரூஸின் தலைக்கு மேல் நிற்கும் அந்தச் சின்னக் கீறலை
மேற்கோள் திறந்ததாக எடுத்துக்கொண்டது ஷெல்.
திறந்தால் மூட வேண்டும்.
மூடும் கீறலைத் தேடி
ஒவ்வொரு வரியாய் விழுங்கிக்கொண்டே போய்
லீமாவிடம்தான் கண்டெடுத்தது.
ஒவ்வொரு வரியின் தலையிலும்
அனுப்பு, அனுப்பு என்றுதான் எழுதியிருந்தேன்.
உள்ளே அகப்பட்ட பிறகு
கட்டளையும் வெறும் பெயர்.

"இஞ்ச ஓடுது புள்ள" என்றான் நௌபாத்,
காத்தான்குடியிலிருந்து பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்த மடிக்கணினியில்.
அவனுடைய விண்டோஸின் கறுப்புத் திரைக்கு
ஒற்றைக் கீறல் ஒரு நுளம்பு, கணக்கிலேயே இல்லை.
ஆனால் இடைவெளியில் தடுக்கி
மேரி ஒருத்தி, ஆன் ஒருத்தி என
ஒரு பொதிக்கு இரண்டு பேர்.
இரட்டைக் குறிக்குள் வை என்றேன்.
நீலத் திரையைத் திறந்தான்; அங்கே வேறு சட்டம்,
ஒற்றைக் குறிக்குள் ஒரு கீறல் வேண்டுமென்றால்
இரண்டு போட வேண்டும்.
ஒரே பெண், ஒரே பெயர்,
மூன்று வாசலில் மூன்று விதமாய்க் குனிய வேண்டியிருக்கிறது.

இரவு ஒன்பதுக்கு வானொலி சொன்னது:
முகத்துவாரத்தை வெட்டப் போகிறார்கள்.
மண்மேடு வாயை அடைத்துக் கிடப்பதால்தான்
வாவி ஊருக்குள் வருகிறது.
நான் சிரித்துவிட்டேன். நௌபாத் ஏன் என்று கேட்கவில்லை.
அங்கே மூடியிருப்பதால் மூழ்குகிறோம்,
இங்கே மூடாததால்.

திருத்தம் சின்னது.
மூடு. சாய்கோடு போட்டு ஒரு கீறல். மறுகா திற.
சாய்கோடு முன்னால் நின்றால்
அடுத்த எழுத்தின் அதிகாரம் போய்விடும்,
உருவம் மட்டும் நிற்கும்.
முதலாம் வகுப்பில் படித்ததுதான்:
மேலே புள்ளி வைத்தால்
உயிர் அடங்கி மெய் நிற்கும்.
தமிழ் தலைக்கு மேல் வைக்கிறது,
யுனிக்ஸ் முகத்துக்கு முன்னால்.

நாலரைக்கு முப்பத்தொன்பதும் போயின.
அதே நேரம்தான் முகத்துவாரமும் உடைத்துக்கொண்டதாம்;
காலையில் என் கதிரைக் கால்களில்
தண்ணீர் நின்ற கோடு மட்டும்.

பனிச்சையடியிலிருந்து முதல் ஆளாய் வந்தவர்
ஜெசிந்தா டி'லீமா.
"என்ட பேரில என்ன பிழை?
எல்லாருக்கும் நேற்றே வந்ததாமே."
"பேரில் இல்லை" என்றேன்.
நம்பவில்லை. கையெழுத்து வைத்தார்.
எல்லா எழுத்தையும் முடித்துவிட்டு
பேனையைத் தூக்கி, கடைசியாக
அந்தக் கீறலை
தாள் கிழிய அழுத்திப் போட்டார்.

நாளைக்குக் கடைக்காரர் பட்டியல்.
முதல் வரியே சலீம் & பிரதர்ஸ்.
விட்டால்
சலீமைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு
பிரதர்ஸ் என்றொரு கட்டளையை
ஊரெல்லாம் தேடும்.