அரைப்புள்ளி

காட்பாடியில் எதற்குக் கோதுமை என்று
வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே
ஜெனரேட்டர் எத்திராஜ் கேட்டார்.
சுற்றிலும் நூறு கல்லுக்கு ஒரு கோதுமைக் கதிர் கிடையாது,
துருநோய் தப்பித்தாலும் போய் ஒட்ட இலை இல்லை,
அதனால்தான் இங்கே, என்றேன்.
ஜெயிலுக்கு இடம் பார்த்த மாதிரி, என்றார்.
தொரப்பாடிக்காரர். அவருக்குத் தெரியும்.

கதவுக்கு வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
உள்ளே பதினெட்டு.
கத்திரி வெயிலில் பஸ் ஏறி வந்து
கம்பளி ஸ்வெட்டர் மாட்டிக்கொள்கிறவள்
வேலூர் மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான்.
டியூரம் கோதுமை,
ரவையும் சேமியாவும் ஆகப் போகிற சாதி.
நூற்றுப்பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு நாற்று.
எண்ணெயில் கலந்த செந்தூளைத் தெளித்து
ஒரு ராத்திரி பிளாஸ்டிக் மூடி, ஈரத்தில் வைத்து
விடிந்ததும் திறந்துவிடுவேன்.
பிறகு காத்திருப்பது.

பதினாலாம் நாள் மதிப்பெண்.
நாலு என்றால் இலை வெடித்துக் கொப்புளம்,
தொட்டால் விரல் சிவக்கும்.
மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கும்.
பூஜ்யம் என்றால் எதுவுமே நடக்கவில்லை.
ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே
எண் இல்லை. ஓர் அரைப்புள்ளி போடுகிறோம்.
உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள்.

ஊசி குத்தின அளவு வெளிறல் அது.
உயிருள்ள செல்லைத்தான் துரு தின்னும்.
நுழைந்தவனைத் தெரிந்துகொண்ட செல்
தானே செத்துவிட்டால்
உள்ளே வந்தவனுக்குப் பட்டினி.
பக்கத்துச் செல் பச்சையாகவே இருக்கும்.
தியாகம் என்றெல்லாம் நோட்டில் எழுத இடமில்லை.
ஒரு மரபணு, ஒரு புரதம்,
ஒரு நிறுத்தற்குறி.

அறுபத்தேழாம் வரிசை
மூன்று சுற்றிலும் எட்டுக்கு எட்டு அரைப்புள்ளி.
டாக்டர் சுகிர்தம் அதற்குப் பேர்கூட யோசித்துவிட்டார்.
நானும் கொஞ்சம் ஆடித்தான் போயிருந்தேன்,
டிபன் பாக்ஸ் சேமியாவைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்கு.

நாலாம் சுற்று, தெளித்த ஐந்தாம் நாள்
டிரான்ஸ்பார்மர் எரிந்தது.
டீசல் ஃப்ரீசருக்கே மட்டு.
எத்திராஜ் மீன் மார்க்கெட்டில் சொல்லி
உமி ஒட்டிய ஐஸ்கட்டி நாலு கொண்டுவந்தார்.
அறை முழுக்க வஞ்சிரம் வாசம்.
பத்தொன்பது, இருபத்துமூன்று, இருபத்தாறு.
இருபத்தெட்டில் ஸ்வெட்டரைக் கழற்றி
நாற்காலியில் போட்டேன்.
மூன்று நாள்.

பதினாலாம் நாள் அறுபத்தேழு சிவந்திருந்தது.
எட்டும் மூன்று.
லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.
மூன்றுதான்.
குளிரில் மட்டும் ஆளைத் தெரிகிற மரபணு,
சூடு ஏறினால் யார் நீ என்று கேட்காமல்
கதவைத் திறந்துவிடுகிறது.

அந்தச் சுற்றைத் தூக்கிப் போடு, என்றார் டாக்டர் போனில்.
அது பரிசோதனை இல்லை, மின்வாரியத்தின் கோளாறு.
சரிங்க மேடம் என்றேன்.
மார்ச்சிலேயே காயத் தொடங்கும் வடக்கத்தி வயலுக்கு
யார் ஐஸ்கட்டி கொண்டுபோவார்
என்று கேட்க நினைத்தது
போனை வைத்த பிறகுதான்.

முப்பத்தொன்றாம் வரிசையை
அதுவரை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.
முதல் சுற்றில் இரண்டு.
அடுத்ததில் இரண்டு. அதற்கடுத்தும்.
இந்த முறையும் இரண்டு.
கொப்புளம் வருகிறது, சின்னதாக, பொறுத்துக்கொண்டு,
அதற்கு மேல் விடுவதில்லை.
ஒரு மரபணுவின் வேலையாக இருக்காது.
நாலைந்து சேர்ந்து, ஒன்றும் பெரிதாகத் தெரியாமல்.
அதன் விதைக் கவரில்
சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன்.
நோட்டில் இரண்டு வரிசையும்
அடித்தல் திருத்தல் இல்லாமல் இருக்கிறது.
மேடம் திங்கட்கிழமை வருகிறார்.

இலை, மண், தொட்டி எல்லாம் ஆட்டோகிளேவுக்கு.
கையில் செந்தூள் பட்டிருந்ததால்
ஸ்வெட்டரும் போனது.
காலையில் எத்திராஜ் அதைக் குச்சியால் தூக்கிக் காட்டினார்.
ஆறு மாதக் குழந்தைக்குச் சரியாக இருக்கும்.
இந்த ஊரில்
எந்தக் குழந்தைக்கும்மா இது?
என்றார்.