எண்பது மீட்டர் கீழே

பக்கத்துப் பண்ணையிலிருந்து புகார் வந்தது.
தோர்வால்ட் ஸ்கோ கைப்பட எழுதியிருந்தார்:
“அந்தப் பெண்ணின் வீடு
செவ்வாய்க்கிழமைகளில்
என் சமையலறையைப் பார்க்கிறது.”

நகராட்சியில் எனக்கு இருபத்தோரு வருடம்.
வேலி தாண்டிய மரம், உரிமமில்லாத கோழிக்கூடு,
எல்லைக்கல்லை விழுங்கிய கொட்டகை,
எல்லாவற்றுக்கும் என்னிடம் படிவம் உண்டு.
கிழமை பார்த்துத் திரும்பும் வீட்டுக்கு இல்லை.

லெம்விக்குக்கு வடக்கே
பீட்ரூட் வயலுக்கும் கடலுக்கும் நடுவில்
உட்கார்ந்திருந்தது
ஒரு காற்றாலையின் தலை.
இறக்கையில்லை, கழுத்தில்லை.
புகைபோக்கியில் மட்டும்
கொஞ்சம் புகை.

போடில் கதவைத் திறந்தாள்.
பதினாறு வருடம் இதே பெட்டிக்கு
ஏணியில் ஏறி எண்ணெய் மாற்றியவள்.
ஆலையைக் கழற்றியபோது
இரும்பை இரும்புக்காரன் கொண்டுபோனான்.
கண்ணாடியிழை ஓட்டைச் சீந்துவாரில்லை.
“புதைக்கப் போனார்கள்.
நான் குடிபுகுந்துவிட்டேன்.”

என் அளவுநாடா
முழுதாக நீள இடமில்லை.
பத்தடிக்குப் பன்னிரண்டு என்று எழுதி
அடித்துவிட்டு
மீண்டும் அதையே எழுதினேன்.

பல்சக்கரம் இருந்த இடத்தில் அடுப்பு.
இறக்கைகள் பூட்டிய வட்ட வாயில்
ஒரே ஜன்னல்; அது நிறையக் கடல்.
சுவருக்குள் என்ன?
கரையொதுங்கிய கடற்புல், ஒரு முழம் கனத்தில்.
அழுகாது, எளிதில் தீப்பிடிக்காது,
மழைக்கு முதல்நாள் மட்டும்
லேசாக மீன் நாறும்.
ஒடிந்த இறக்கை நுனியொன்று
கூரைத் தண்ணீரைப் பீப்பாய்க்கு இறக்கியது.
வெயில் ஏறினால் இன்னமும்
எண்ணெய் வாசம் வருகிறது என்றாள்,
குறையாகச் சொல்லவில்லை.

நான் கேட்டேன்: மாடி எத்தனை?
“முன்பு எண்பது மீட்டர். இப்போது ஒன்று.”
குடியிருப்போர்?
“ஒருவர். குளிர் முற்றினால்
வேலிக்கு அப்பாலிருந்து ஒரு பூனை.”
கழிப்பறை?
மரத்தூள் மூட்டையைக் காட்டினாள்.
வாசல் எந்தத் திசை?

அதற்குப் பதில் வரவில்லை.
சுவரோரம் இருந்த கைப்பிடியை நீட்டினாள்.
“சுற்றுங்கள்.”

கோப்பைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றினேன்.
முதலில் எதுவும் அசையவில்லை.
பிறகு மெல்ல
கடல் ஜன்னலைவிட்டு நழுவியது,
ஒரு வேலி வந்தது, ஒரு டிராக்டர் வந்தது,
மேசை மேல் கிடந்த கரண்டியின் நிழல்
கடிகாரத்தை முந்திக்கொண்டு ஓடியது.

காற்றைத் துரத்தப் பூட்டிய வளையமாம்.
இப்போது ஜனவரி வெயிலைத் துரத்துகிறது.
மூன்று விறகில் இரவு கழிகிறது.
“செவ்வாய்க்கிழமை ஏன்?” என்றேன்.
“அன்று துணி காயப்போடுவேன்.
கொடிக்கு வெயில் அந்தப் பக்கம்.
தோர்வால்டிடம் சொல்லுங்கள்,
அவர் சமையலறையில்
பார்க்க ஒன்றுமில்லை.”

மழை பிடித்துக்கொண்டது.
நாற்காலி ஒன்றுதான். அதை எனக்குத் தந்துவிட்டு
அவள் ஏணிப்படியில் உட்கார்ந்தாள்.
முழங்கால்கள் இடிக்காமலிருக்க
இருவரும் கொஞ்சம் சாய்ந்தே
காபி குடித்தோம்.
தூங்க முடிகிறதா என்றேன், படிவத்தில் இல்லாத கேள்வி.
“முதல் மாதம் முடியவில்லை.
மேலே எப்போதும் ஆடும்.
இங்கே அசைவே இல்லாமல்
ஏதோ பழுது என்று
எழுந்து எழுந்து பார்த்தேன்.”
கதவருகே ஆணியில் இன்னும் தொங்குகிறது
அவளுடைய பாதுகாப்பு வார்.

என் வீடு இருநூற்று முப்பது சதுர மீட்டர்.
எல்லா அறைக்கும் சூடு போகிறது.
மூன்று அறைகளை
போன நவம்பருக்குப் பிறகு திறக்கவில்லை.
வாசல் வடகிழக்கு,
படிவத்தில் சரியாகப் பொருந்தும்.

கோப்பு என் மேசையில்தான் இருக்கிறது.
அனுமதிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை.
திசைக் கட்டத்தில்
பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.
மேலதிகாரி இரண்டு முறை கேட்டுவிட்டார்.

வேலை முடிந்து கடற்கரைச் சாலையில்
சுற்றிக்கொண்டு போகிறேன், ஏழு கிலோமீட்டர் கூடுதல்.
நேற்று அது தெற்கே பார்த்திருந்தது.
ஜன்னலில் விளக்கு. உள்ளே
மடக்கு நாற்காலி ஒன்று மாட்டியிருந்ததா,
அல்லது அது கோட்டா,
வண்டி வேகத்தில்
சரியாகத் தெரியவில்லை.