இன்று தேர்தல் நடந்தால்

ஒமாஹாவில், மூடிய காலணிக் கடையின் மேல்மாடியில்,
மாலை ஐந்து முதல் ஒன்பது வரை
மணிக்குப் பதினாறு டாலருக்கு
அயோவாவைக் கூப்பிடுகிறேன்.
தேர்தலுக்கு இன்னும் பதினான்கு மாதம்.

கணினி எண்களைச் சுழற்றும்.
நாற்பதில் முப்பத்தெட்டுப் பேர் எடுப்பதில்லை.
ஒருவர் எடுத்தவுடன் வைத்துவிடுவார்.
மிஞ்சிய ஒருவர்தான்
நாளைக் காலைச் செய்தியில் வரப்போகும்
அயோவா மக்கள்.

தாளில் உள்ளதை உள்ளபடியே படிக்க வேண்டும்.
ரெனாட்டா குவிஸ்ட் கண்ணாடி அறைக்குள்ளிருந்து
ஒட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாள்.
இன்று தேர்தல் நடந்தால்
யாருக்கு வாக்களிப்பீர்கள்?

"இன்றா?" என்றார் வெர்லின் ஊஸ்ட்ரா,
சூ கவுண்டி, வயது எழுபத்தாறு.
"மழைக்கு முன் சோயாவை அறுத்தாக வேண்டும்.
இன்று என்றால் நான் போகமாட்டேன்."

அதற்குக் கட்டம் இல்லை.
'வாக்களிக்க வாய்ப்பில்லை' என்று ஒன்று உண்டு.
அழுத்தினால் அழைப்பு முடிந்துவிடும்,
என் கணக்கிலும் ஒன்று குறையும்.
மழையை ஒதுக்கிவிட்டு மறுபடி படித்தேன்.

ஏழு பெயர்கள்.
நான்காவதில் என்னை நிறுத்தினார்.
"ஹால்வர்சன். எங்கள் மாட்டு வைத்தியர்.
பாதி ராத்திரியில் பனியில் வந்து
வயிற்றுக்குள் கையை விட்டுக் கன்றைத் திருப்பினாரே!
அவருக்கே போடுங்கள்."

அவர் வேறு, இவர் வேறு என்று
நான் சொல்லக் கூடாது.
தாளில் இல்லை.

ஸ்டார்ம் லேக்கில், பன்றி இறைச்சி ஆலைக்கு
இரவு வேலைக்குப் போகும் வழியில்
ஒருத்தி எடுத்தாள்: யரிட்ஸா, இருபத்துமூன்று.
ஒரே ஒரு பெயர்தான் தெரியும் என்றாள்,
அதுவும் வீடியோவுக்கு முன்னால் வரும் விளம்பரத்தைத்
தாண்ட முடியாததால்.
அவள் வயதில், அவள் ஊரில்
அந்த வாரம் வேறு யாரும் எடுக்கவில்லை.
ஆகவே புள்ளியியல்காரர்கள் அவளை
நான்கேகாலால் பெருக்கினார்கள்.
தலையில் வலையை மாட்டிக்கொண்டு
ஆலைக்குள் நுழைந்தபோது
தன் பின்னால் மூன்றேகால் பேர்
நடந்துவருவது அவளுக்குத் தெரியாது.

வியாழக்கிழமை வெளியானது.
ஹால்வர்சன் பத்தொன்பது சதவீதம், முன்னிலை.
பிழை வரம்பு, கூட்டியோ குறைத்தோ, நாலே முக்கால்
என்று அடியில் எறும்பு எழுத்தில்.
சனிக்கிழமைக்குள் அவருக்கு
வாடகை விமானம் வந்துவிட்டது.
ஆறாம் இடத்துப் பிராம்லெட் அம்மையார்
டெமாயினில் அலுவலகத்தைக் காலி செய்தார்.
மடக்கு நாற்காலிகளை ஒரு தேவாலயம்
பாதி விலைக்கு எடுத்துக்கொண்டது.
அவருக்கும் முதலிடத்துக்கும் நடுவே
மொத்தமே அறுபது பேர்.
அதில் ஒருவர் மாட்டு வைத்தியருக்குப் போட்டவர்.

நம்பலாமா என்று
கீழே காபி ஊற்றும் டெல்மர் கேட்கிறான்.
பொய் என்று எப்படிச் சொல்வேன்?
அவர்கள் சொன்னதைத்தான் அழுத்தினேன்.
ஆனால் டெல்மர்,
உலை இன்னும் கொதிக்கவே இல்லை.
ஊறாத அரிசியைக் கிள்ளிப் பார்த்து
பதம் சொல்லச் சொல்கிறார்கள்.
நாங்களும் சொல்கிறோம்,
தசமப் புள்ளியோடு.

டிசம்பரில் இரண்டாம் சுற்று.
பழைய ஆட்களையே கூப்பிட வேண்டும்.
ஊஸ்ட்ரா முதல் மணியிலேயே எடுத்தார்.
"இன்றா? இன்று நடந்தால் நல்லது.
வாசல்வரை பனி. வேலை ஒன்றும் இல்லை."
இம்முறை ஐந்து பெயர்கள்.
"ஹால்வர்சனா? யார் அது?"
பிறகு கேட்டார்:
"நீங்கள் யாருக்குப் போடுவீர்கள்?"

கண்ணாடிக்கு அப்பால் ரெனாட்டா தலை நிமிர்ந்தாள்.
நான் மூச்சை மட்டும் விட்டேன்.
அவர் ரொம்ப நேரம் காத்திருந்தார்,
கெட்டில் கூவுவது கேட்டது,
பிறகு, "எனக்கும் அப்படித்தான்" என்றார்.

'முடிவு செய்யவில்லை' என்று அழுத்தினேன்.
வட்டப் படத்தில் அதற்குச் சாம்பல் நிறம்.
அந்த வாரம் அதுதான் ஆகப் பெரிய துண்டு.
அதற்கு யாரும் விமானம் அனுப்பவில்லை.