அத்தாட்சி

மாலை நாலேகாலுக்கு ஆரம்பித்தோம்.
காரைக்குடி, ஐந்து விளக்குக்கு அந்தப்பக்கம்
எவர்சில்வர் கடை மாடி. படி குறுகல்,
ஆய்வாளருக்கு மூச்சு வாங்கியது.
எழுதுவது என் வேலை.
கையெழுத்து நன்றாயிருக்கும் என்பதால்
நிலையத்துக்கு வரும் துயரமெல்லாம்
என் பேனா வழியாகத்தான் போகும்.

பிரம்பு நாற்காலி இரண்டு.
டிஷ்யூ பெட்டி ஒன்று, பாதி காலி.
கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ் ஒன்று:
மூன்று நாள் ஆன்லைன் பயிற்சி, தங்க முத்திரை.
பெயர்ப்பலகை ஒன்று: மனநல ஆலோசகர் சிகப்பி,
பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து.
அந்த நாலு எழுத்தைத் தந்த கல்லூரி எதுவுமில்லை என்று
சென்னையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

மனு கொடுத்தவர் பாண்டியம்மாள்.
மதுரை டாக்டர் மகனுக்கு எழுதிய மாத்திரையை
'மெல்ல விட்டுடலாம், மனசுதான் மருந்து' என்றாராம் இவர்.
விட்டான். ஒரே நாளில் எல்லாவற்றையும்.
பத்தொன்பதாம் நாள் விடியலில்
செருப்பை ஜோடி சேர்த்து வைத்துவிட்டு
ஊருணிப் படியில் இறங்கியிருக்கிறான்.
துவைக்க வந்தவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள்.
இருக்கிறான் இப்போது.
இரவில் அவன் கணுக்காலில் தன் முந்தானையை முடிந்துகொண்டு
பாண்டியம்மாள் தூங்குகிறார்,
அதைத் தூக்கம் என்று எழுதலாமென்றால்.

ஏமாற்றுதல் ஒரு பிரிவு, அதற்குச் சிறை உண்டு.
பதிவில்லாமல் மனநல நிலையம் நடத்தியது இன்னொன்று:
முதல் தடவைக்கு ஐயாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை.
தலைக்கு முந்நூறு வாங்கியிருக்கிறார்.
ஆய்வாளர் கைபேசியில் வகுத்துப் பார்த்தார்.
'நூத்தி அறுபத்தேழு பேர் அழுதா
அபராதம் கட்டிரலாம்.'
சாட்சிக்கு நின்ற டீக்கடைக்காரர்
கண்களைத் தாழ்த்திக்கொண்டார்.

வரிசை எண் ஒன்பது: கோடு போட்ட நோட்டு, மூன்று.
பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்டு முத்திரை வைக்க வேண்டும்.
எண்ணிடுகிற கண்ணுக்குப் படிக்காமலிருக்கத் தெரியாது.
'சிங்கப்பூரிலிருந்து அவர் வரும் தேதி தெரிந்தால் காய்ச்சல்.'
'பரீட்சை முடிந்து நாலு வருஷம், இன்னும் மணி அடிக்கிறது.'
'மாமனார். கதவு. தாழ்ப்பாள் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.'
நாற்பத்தொன்றாம் பக்கம்:
'தமயந்தி. இது அவள் பெயரில்லை. அரசு வேலை.
கயிற்றிலிருந்து ஒரு பிள்ளையை இறக்கிய நாள்முதல்
சோற்றில் கை வைக்க முடியவில்லை.'

அந்தக் கையால்தான் எண்ணிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆறு வியாழக்கிழமை.
சேலையும் முகக்கவசமுமாக,
பள்ளத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவள்போல் வந்தேன்.
அரசு மருத்துவமனைக்கும் ஒருநாள் போனதுண்டு;
வரிசையில் எங்கள் ஏட்டையாவின் மனைவி நின்றார்,
பல்வலி என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.
இங்கே யாரும் நிற்கவில்லை.
இவர் ஒன்றும் சொல்லவில்லை,
கேட்டார். மின்விசிறி கிறீச்சிட்டது.
ஆறாவது வாரம் ரசத்தில் பிசைந்து ஒரு கவளம்.
அதே வாய்தான் பாண்டியம்மாள் மகனிடமும் பேசியது.
இரண்டையும் ஒரே தாளில் எழுத
எங்களிடம் படிவம் கிடையாது.

ஆய்வாளர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
'தமயந்தி யாரும்மா? அரசு வேலைன்னு இருக்கு.
நல்ல சாட்சியா வருமே.'
சிகப்பி என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது
எனக்கு மட்டும் தெரிந்தது.
'ஞாபகமில்ல சார்.'
'மறைச்சா அதுவும் உங்க மேலதான் ஏறும்.'
'ஏறட்டும் சார்.'

ஞாபகமில்லை என்று எதிரி கூறினார்,
எழுதினேன். எழுத்து நேராகவே வந்தது.
நாற்பத்தொன்றில் முத்திரையை
மற்றதைவிடக் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போல,
அடுத்த பக்கத்திலும் மை ஊறியிருந்தது.

நிலைய வாசலில் பாண்டியம்மாள்.
பக்கத்தில் அவன், செருப்பில்லாமல்.
'அக்காவுக்கு ஜெயிலா?' என்று என்னைக் கேட்டான்.
கோர்ட்டு சொல்லும் என்றேன்.
வேறு பதில் எனக்கும் தெரியாது.
ஏழாவது சாட்சியாகக் கூண்டில் ஏறும்போது
இது உங்கள் கையெழுத்துதானா என்பார்கள்.
ஆம் என்பேன்.
அதற்கு மேல் கேட்டால்?

அன்றிரவு வீட்டில்
ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டேன்.