எடைக் குறைவு

கேத்தி பள்ளத்தாக்கில் இரவு இரண்டரை.
நெற்றி விளக்கின் வட்டத்துக்குள்
கேரட் தழை மேல் உப்புத் தூவினாற்போல் உறைபனி.
பிடுங்குகிறோம்.
விரல்கள் யாருடையவையோ.

ஜோகியின் பிக்கப்பில் டீ வருகிறது,
ஆளுக்கு இரண்டு வர்க்கி.
நொறுங்கும் சத்தம் காதுவரை வந்து நின்றுவிடும்.
வேலை அதற்கப்புறம்தான்:
மாவு சர்க்கரையாகி, சர்க்கரை ரத்தமேறி,
செல்லுக்குள் நுழைந்ததும் இரண்டாக முறிந்து,
மைட்டோகாண்ட்ரியாவில் கைமாறிக் கைமாறி
கடைசியில் ஆக்சிஜனிடம் கணக்கு முடிக்கும்.
மொத்தமாக எரிந்திருந்தால் நான் கரிக்கட்டை.
சில்லறை மாற்றித் தருவதால்
மூட்டை தூக்குகிறேன்.

அந்தச் சில்லறைக்கு ஏடிபி என்று பேர்.
ஒரு குளுக்கோஸுக்கு எத்தனை என்பதில் தப்பு விட்டேன்;
உயிர்வேதியியல் அரியர்
ஊட்டி கல்லூரியில் இன்னும் நிற்கிறது.

வாயிலிருந்து வெள்ளையாகப் போகிறது மூச்சு.
"பொகை விடுறியா?" என்கிறாள் மாதி.
ஆமாம்,
அடுப்பு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு
நேற்று மதியம் கட்டிய மூட்டைகளை ஏற்றப் போனோம்.
தார்ப்பாய் விலக்கி, அடுக்கின் நடுவே
கையை நுழைத்தேன்.

சூடு.

மண்ணைவிட்டு வந்ததை
அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை போல.
சேர்த்துவைத்த சர்க்கரையைத் தாமே தின்று
இருட்டில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன
மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போக வேண்டிய கேரட்டுகள்.
கையை உடனே எடுக்க மனம் வரவில்லை.

விடிவதற்குள் மூட்டைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கும்.
மண்டியில் எடை எழுதும் செபஸ்தி
எங்களைத்தான் பார்ப்பான்.
காற்றில் போனது என்றால்
சிரிப்பான்.